முத்திருளன் மகன் பொருட்டு ஒரு குழு

மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு தாய்சேய் ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கும் ஒரு குழு போடுவார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் அங்கே பிறந்த ஆண் குழந்தைகளின் நுனித்தோல் தங்குமா போகுமா என்பது, பெற்றவள் படுத்திருந்த கட்டிலின் எண்ணைப் பொறுத்து இருந்தது. ஒற்றைப்படை என்றால் போகும். இரட்டைப்படை என்றால் தங்கும். நான் கதை கட்டுவதாக நினைக்க வேண்டாம். வார்டு வாசலில் அப்படித்தான் டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள்.

காரணம் இரண்டு பெரிய டாக்டர்கள். தலைமை டாக்டர் இன்பசேகரன் வெளிநாட்டுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போய்வந்தவர். வந்ததும் ஆண் சிசு தூய்மைத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, பிறக்கிற பையன்கள் அத்தனை பேருக்கும் வீட்டுக்கு அனுப்புமுன் சுன்னத்து செய்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மாதம் நாற்பது என்று இலக்கும் வைத்தார். நெல்பேட்டைப் பள்ளிவாசல் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், "எங்க வீட்டு விசேஷத்த நாங்க எங்க வீட்டுல வச்சுக்கிறோம், ஒங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்" என்று கேட்டார். அவருடைய ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டு, எந்த அலமாரி என்று தெரியாமல் போனது.

குழந்தைகள் பிரிவின் தலைவர் டாக்டர் ராயப்பன் இதை எதிர்த்தார். நோயில்லாத குழந்தைக்குக் கத்தி எதற்கு என்று நாற்பத்தாறு பக்கத்தில் மறுப்பு எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, ஆஸ்பத்திரிச் சலவைக்காரர் வரை கொடுத்தார். அதன்பின் இருவரும் பேச்சுவார்த்தை இல்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் சின்னச்சாமிதான் நடுவில் புகுந்து கட்டில்களைப் பாகம் பிரித்தார். ஒற்றைப்படை தலைமை டாக்டருக்கு, இரட்டைப்படை ராயப்பனுக்கு. இந்த யோசனைக்காக அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

முத்திருளனுக்கு இதெல்லாம் தெரியாது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே அவன் ஊர். ஒரு கிணறு, ஒன்றரை ஏக்கர், இரண்டு மாடு. கத்திரி வெயிலில் ஒருநாள், வலி கண்டு கிடந்த மனைவி ஒச்சாயியை வாடகை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தான். வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. தையல் பிரிக்க ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். கட்டில் காலியில்லை. பதின்மூன்றாம் கட்டிலுக்கும் பதினான்காம் கட்டிலுக்கும் நடுவே தரையில் பாயை விரித்து ஒச்சாயியைக் கிடத்தினார்கள்.

முத்திருளன் வார்டு நர்ஸ் ஆனிமேரியிடம் போய் நின்றான்.

"சிஸ்டரு, வகுத்தக் கிழிச்சு எடுத்த பொம்பள. தரையில எந்திரிச்சு உக்கார முடியல. ஒரு கட்டிலு பாத்துக் குடுங்க."

"காலியானா மொதக் கட்டில் ஒங்களுக்குத்தான்ணே. நான் மறக்கமாட்டேன்."

தினமும் காலையில் அவன் கேட்பான். தினமும் அவள் அதையே சொல்வாள். நல்ல பெண். அந்தக் கட்டடத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவள்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் படிவத்தை அவனிடம் காட்டி, 'சுன்னத்து செய்யப்பட்டதா' என்ற பதினேழாவது கட்டத்தை விரலால் தொட்டு, விஷயத்தை விளக்கினாள் ஆனிமேரி. முத்திருளன் அரண்டுபோவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அவன் ஊர்ப் பக்கத்தில் இந்தக் காரியம் புதிதல்ல. பையனுக்கு ஏழெட்டு வயதில் மார்க்கக் கல்யாணம் என்று நடத்துவார்கள். தாய்மாமன் புதுத்துணி உடுத்தி, மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோப்புக்குப் போவான். பெண்கள் குலவை போடுவார்கள். நாவிதர் வேலையை முடிப்பார். அப்புறம் கறிச்சோறு. பல ஊர்களில் விட்டுவிட்டார்கள். முத்திருளன் ஊரில் விடவில்லை.

முத்திருளனுக்கு அது நடந்தபோது வயது ஒன்பது. விஷயம் தெரிந்து கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தான். நாலு பேர் நாலு பக்கமும் வளைத்துப் பிடித்தார்கள். பிறகு இருபது நாள் காய்ச்சல். இன்றைக்கும் கரும்புத் தோகை உரசுகிற சத்தம் கேட்டால் அவன் வரப்பு மாறி நடப்பான். தன் மகனுக்கு அது வேண்டாம் என்று, ஒச்சாயி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே முடிவு செய்துவிட்டான். முடிவை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லமுடியாததற்குக் காரணம் ஒச்சாயியின் அண்ணன் விருமாண்டி. இரண்டு குடும்பத்துக்கும் முதல் ஆண் வாரிசு. "ஏழாம் வருசம் நான் தோள்ல தூக்குறேன், ஊரே பாக்கணும்" என்று பிள்ளை பிறந்த சேதி கேட்ட அன்றைக்கே டீக்கடையில் சொல்லிவிட்டான். வேண்டாம் என்றால் அது தாய்மாமனை வாசலில் நிறுத்தியதுபோல. வருத்தம் தலைமுறைக்கும் போகும். ஆனால் விருமாண்டிக்கு ஒரு பலவீனம் இருந்தது. சீல் குத்திய காகிதம் என்றால் கையெடுத்துக் கும்பிடுவான். பழைய கரண்டு பில்லைக்கூட டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். இங்கேயோ வேண்டாம் என்கிற டாக்டரே இருந்தார். அவர் 'இந்தக் குழந்தைக்கு இது தேவையில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், மச்சான் வாயைத் திறக்கமாட்டான்.

ஒரு வரி. முத்திருளன் அந்த ஆஸ்பத்திரியிடம் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் ராயப்பனிடம் போனான்.

"உக்காருப்பா. வேண்டாம்னு சொல்ற ஒரு தகப்பனுக்காக ரெண்டு வருஷமாக் காத்துட்டிருக்கேன்" என்றார் டாக்டர். நாற்பத்தாறு பக்கத்தை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கம் வரை வாசித்தார்.

"அய்யா, எனக்கு ஒரு வரி போதும்."

"தர்றேன். உன் சம்சாரம் எந்தக் கட்டில்?"

"பாயிலய்யா. பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல."

டாக்டர் முகம் சுருங்கியது. டேப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்து, குனிந்து, ஒச்சாயி படுத்திருக்க இரண்டு பக்கமும் அளந்தார். "ரெண்டு விரக்கடை பதிமூணு பக்கம் சாஞ்சிருக்கே."

"பாய இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிறேன்யா."

"தொடாதே. அது இப்ப ஆதாரம்."

பேச்சுவாக்கில் முத்திருளன் தன் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட்டான். ராயப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "வழக்கம் இருக்கா? அப்ப நீ ஏன் வேண்டாங்கிறே? மண்ணோட மரபை நீங்களே விட்டா யார் காப்பாத்துறது? நான் எதிர்க்கிறது அந்த ஆளோட ஸ்கீமை. உங்க பண்பாட்டை நான் எதிர்க்கலை. அதைப் பத்தி ஒரு கட்டுரைகூட எழுதலாம்னு இருக்கேன்."

"புள்ளைக்கு வலிக்குமேய்யா."

"பாமரன் கண்ணோட்டம்" என்று சொல்லி அவர் குறித்துக்கொண்டார். கேட்ட வரியை எழுதவில்லை.

அடுத்து தலைமை டாக்டர். இன்பசேகரன் அறையில் ஏர்கூலர் ஓடியது. சுவரில் அவரே பனியில் ஓவர்கோட்டோடு நின்ற படம்.

"நான் ஆறு மாசம் அங்க இருந்தேன். தெருவுல ஒரு குப்பை கிடையாது. ரயில் ஒரு நிமிஷம் பிந்தாது. அங்க பிறக்கிற ஆம்பளப் பிள்ளைல பாதிக்கு மேல இதைச் செஞ்சிடுறாங்க. இப்ப நீயே யோசி."

முத்திருளன் யோசித்தான். ரயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தன் ஊரிலும் செய்கிறார்கள், ரயில் வரவில்லை என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் எழுந்தே விட்டார். "உங்க ஊர்லயா? பாத்தியா, விஞ்ஞானம் எங்க போய் எட்டியிருக்கு. யார் செய்றா?"

"நாவிதருங்கய்யா. தோப்புல."

"காட்டுமிராண்டித்தனம்."

"ரெண்டும் ஒரே காரியந்தானேய்யா?"

"காரியம் ஒண்ணுதான்யா. கோட்டு போட்டிருக்கிறவன் செஞ்சா அது மருத்துவம்" என்றார் இன்பசேகரன். சொன்னது அவருக்கே பிடித்திருந்தது. மேஜையில் இருந்த காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டார். "நீ கேக்கிற பேப்பரைக் குடுத்தா என் ஸ்கீம் தப்புன்னு நானே ஒப்புக்கிட்ட மாதிரி. கண்காணிப்பாளரைப் பாரு."

கண்காணிப்பாளர் சின்னச்சாமி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிவத்தைப் பார்த்தார்.

"மதம் இந்துன்னு போட்டிருக்கே. வழக்கம் உண்டுங்கிறே. ரெண்டும் ஒட்டலையே. எதையாவது ஒண்ணை அடிச்சிரலாமா?"

"ரெண்டும் நெசந்தாங்கய்யா."

"நெசமா இருந்தா சர்டிபிகேட் இருக்கணும். தல்லாகுளத்துல சர்க்கார் ஆபீஸ் இருக்கு, போய் வாங்கிட்டு வா."

முத்திருளன் தல்லாகுளத்தில் ஓர் அலுவலக வராந்தாவில் ஒன்றரை நாள் உட்கார்ந்தான். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதற்குச் சான்று தரலாம். வழக்கம் இல்லை என்பதற்கும் தரலாம். வழக்கம் இருந்தும் ஒருவன் வேண்டாம் என்கிறான் என்பதற்குத் தர விதியில் இடமில்லை. திரும்பி வந்து இதைச் சொன்னான்.

"அப்ப நான் வேண்டாம்னு நெனைக்கிறத எங்கதான்யா எழுதுறது?"

சின்னச்சாமி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தோரு கட்டங்கள். "தகப்பன் நெனைக்கிறதுக்குக் கட்டம் கிடையாதுப்பா. கைநாட்டுக்கு இருக்கு, பதினெட்டுல" என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

பாயில் கிடந்த ஒச்சாயி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணேங்கிட்ட நேராச் சொல்லிட்டாத்தான் என்ன? கடிச்சா திங்கப் போகுது?"

"ஒனக்குத் தெரியாது. பேப்பரு வரட்டும்."

பாய் எந்தக் கட்டிலைச் சேர்ந்தது என்று தீர்க்க மூவர் குழு போடப்பட்டது. இரண்டு டாக்டர்களும் கண்காணிப்பாளரும். மாதக் கடைசி நாள், ஒச்சாயிக்குத் தையல் பிரிக்கிற அன்று காலை பத்து மணிக்குக் கூட்டம். உட்காரப்போகும்போதுதான், விதிப்படி பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்பது சின்னச்சாமிக்கு நினைவு வந்தது. வராந்தாவுக்கு ஓடினார். அங்கே தங்கைக்குச் சேலையும் மருமகனுக்கு வெள்ளி அரைஞாணும் வாங்கிக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில், முறுக்கிய மீசையோடு ஒருவன் நின்றிருந்தான். ஆள் பிரதிநிதி மாதிரியே இருந்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்.

அவன் விருமாண்டி.

மனுதாரர் என்ற முறையில் கதவோரம் நின்றிருந்த முத்திருளன் ஓரடி பின்னால் நகர்ந்தான். விருமாண்டி அவனைப் பார்த்துத் தலையாட்டினான். காபி கொண்டுவர ஆளில்லை என்று வார்டிலிருந்து ஆனிமேரியை வரவழைத்தார்கள். டாக்டர் ராயப்பன் ஒரு மணி நேரம் பேசினார். டாக்டர் இன்பசேகரன் ஒரு மணி ஐந்து நிமிஷம் பேசினார். குழந்தை என்ற சொல்லை இருவரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'கேஸ்' என்றார்கள், 'சிசு எண்ணிக்கை' என்றார்கள். ராயப்பன் தம் பேச்சில், இந்தத் திட்டத்தை முதலில் தம்மிடம் கலந்து பேசியிருந்தால் தாமே தலைமை தாங்கி நடத்தியிருப்பேன் என்றார். இன்பசேகரன், தமக்கு இரண்டு பையன்கள் என்றும், இருவருக்கும் இதைச் செய்யவில்லை என்றும், வீட்டில் மாமியார் சம்மதிக்கவில்லை என்றும் சொல்லி, அதனால்தான் பொதுமக்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன் என்று முடித்தார். எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. மாமியார் இருப்பவனுக்கு ஒரு சட்டம், பாய் இருப்பவனுக்கு ஒரு சட்டம்.

பிறகு சின்னச்சாமி, முத்திருளன் சொல்லச் சொல்லத் தாம் எழுதியிருந்த மனுவைச் சத்தமாக வாசித்தார். "முத்திருளன் என்பவர் தம் மகனுக்கு மேற்படி சுன்னத்து இப்போதும் வேண்டாம், பிற்காலத்தில் ஊர் வழக்கப்படியும் வேண்டாம் எனக் கருதி, அதை மைத்துனர் விருமாண்டி என்பவரிடம் சொல்லத் துணிவின்றி, காகிதம் கோருகிறார்."

துணிவின்றி என்ற சொல்லை மனுவில் சேர்த்தது சின்னச்சாமிதான். தெளிவாக இருக்கட்டும் என்று சேர்த்திருந்தார்.

விருமாண்டி எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். முத்திருளன் பின்னால் ஓடினான். வராந்தாக் கடைசியில், தண்ணீர்க் குழாயடியில் விருமாண்டி நின்றான்.

"எம்புட்டு நாளா இத வச்சிருக்க, மாப்ள?"

"ஆறேழு மாசமா, மச்சான்."

"உள்ள ரெண்டு மணி நேரம் பேசுனாங்க. ஒருத்தனும் ஒன்னய என்னன்னு கேக்கல. சரி, அவங்க ஆபீசரு. நான் யாரு? எங்கிட்டச் சொல்ல ஒனக்குப் பேப்பரு வேணுமா?"

முத்திருளன் கரும்புத் தோட்டத்தைச் சொன்னான். நாலு பேர் வளைத்ததைச் சொன்னான். இருபது நாள் காய்ச்சலைச் சொன்னான். கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் அவன் மச்சானிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. விருமாண்டி குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"நான் புளியமரத்துல ஏறிட்டேன், தெரியுமா" என்றான். "எங்க மாமன் கீழ நின்னுக்கிட்டே இருந்தாரு. பொழுது சாயிற மட்டும் நின்னாரு. பசி தாங்காம நானே எறங்குனேன். இன்னைக்கு வரைக்கும் அந்த மரத்தடியில நான் போய் உக்காந்ததில்ல."

"அப்பறம் ஏன் மச்சான்..."

"எனக்கு அவனத் தோள்ல தூக்கிட்டுப் போகணும். கொலவ போடணும். ஊரு பாக்கணும். அம்புட்டுத்தான் மாப்ள. அறுக்குறதுல எனக்கென்ன இருக்கு? தூக்கிட்டுத் தோப்பு வரைக்கும் போறேன், கெடா வெட்டுறோம், திரும்பத் தூக்கிட்டு வாரேன். கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

முத்திருளனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வாரமாக அவன் அலைந்த காரியம் குழாயடியில் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒச்சாயி சொன்னதை அன்றே கேட்டிருக்கலாம்.

அதற்குள் உள்ளேயும் முடிவாகிவிட்டது. விதியைப் புரட்டிய சின்னச்சாமி, திட்டம் 'கட்டிலில் உள்ள தாய்மார்களின் ஆண் சிசுக்களுக்கு' என்றுதான் இருக்கிறது, பாய் கட்டில் ஆகாது என்று கண்டுபிடித்தார். ஆகவே மேற்படி சிசுவுக்குத் தேவையில்லை, செய்யப்படவும் இல்லை. எதிராளி தோற்றுவிட்டான் என்று டாக்டர்கள் இருவருமே நினைத்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று சீல் குத்திய காகிதம் முத்திருளன் கைக்கு வந்தது.

மச்சானும் மாப்பிள்ளையும் வார்டுக்குப் போனார்கள். பாயைக் காணோம். பதின்மூன்றாம் கட்டிலில், தலையணை வைத்து, ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலிக் காபிக் கேனோடு ஆனிமேரி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முத்திருளனுக்கு விளங்கிவிட்டது.

"காலைல கட்டில் காலியாச்சுண்ணே" என்றாள் ஆனிமேரி. "நீங்க ஒன்பது நாளாக் கேட்டீங்களேன்னு... தையல் பிரிச்சதும் நானே தூக்கி உக்கார வச்சேன். அப்பத்தான் காபிக்குக் கூப்பிட்டாங்க. நான் போன நேரம் டியூட்டி டாக்டர் வந்திருக்காரு. மாசக் கடைசி. முப்பத்தொம்போதுல நின்னுச்சாம்."

"எதுக்குய்யா புள்ளயத் தூக்குறீங்கன்னு கேட்டேன்" என்றாள் ஒச்சாயி. "கட்டில் நம்பரக் காட்டுனாரு."

விருமாண்டி கட்டிலோரம் குனிந்தான். வாங்கி வந்த வெள்ளி அரைஞாணை மடியிலிருந்து எடுத்தான். குழந்தையின் இடுப்பைப் பார்த்தான். திரும்ப மடியிலேயே வைத்துக்கொண்டான்.

டிஸ்சார்ஜுக்குச் சின்னச்சாமியிடம் போனபோது அவர் காகிதத்தைப் பார்த்துப் பதினேழாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

"செஞ்சுட்டாங்கய்யா" என்றான் முத்திருளன்.

"அது திட்ட ரிஜிஸ்டர்ல நாற்பதுன்னு ஏறிருச்சு. சரியாத்தான் இருக்கு. இது டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டர். குழு செய்யப்படலைன்னு முடிவு பண்ணியிருக்கு. மூணு பேர் கையெழுத்து. நான் எப்படி மாத்துறது?"

"ரெண்டும் ஒட்டலையேய்யா."

"வேற வேற அலமாரிப்பா. ஒட்ட வேண்டியதில்லை."

"சரி, புண்ணுக்குப் போட மருந்தாச்சும் குடுங்க."

சின்னச்சாமிக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடக்காத ஆபரேஷனுக்கு எந்தக் கணக்குல மருந்து தர்றது?"

முத்திருளன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆபீசர் மேஜையில் ஓங்கி அடித்தான். மைக்கூடு சாய்ந்து, படிவத்தின் இருபத்தோரு கட்டமும் நீலமாயிற்று. சின்னச்சாமி நிதானமாக ஒற்றுத்தாளை எடுத்து ஒற்றிவிட்டு, புதுப் படிவம் எடுத்து, பதினேழில் மறுபடி 'இல்லை' என்று எழுதினார்.

மருந்தும் துணிச்சுருளும் ஆனிமேரிதான் கொண்டுவந்து ஒச்சாயி கையில் திணித்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் கிளம்ப அரைமணி நேரம் இருந்தது. உச்சி வெயிலில் தகரம் கொதித்தது. ஒச்சாயியை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, இப்போது முனகிக்கொண்டிருந்தது. தூக்குவதற்குக் கை நீட்டிய விருமாண்டி, எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரியாமல் கையை மடக்கிக்கொண்டான்.

"அந்தப் பேப்பர்ல என்னதான் மாப்ள எழுதியிருக்கு?"

முத்திருளன் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தான். "தேவையில்லைன்னு எழுதியிருக்கு, மச்சான்."

சீல் குத்திய காகிதத்தைப் பார்த்து விருமாண்டி கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல தடிமனான காகிதம். முத்திருளன் அதை நாலாக மடித்து, பிள்ளையின் இடுப்புப் பக்கம் குனிந்து, விசிற ஆரம்பித்தான். உசிலம்பட்டி வரை விசிறினான்.